கம்பிவலைக் கூண்டு முயல்குட்டிக்கு ஆகுமா?

மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கத்துக் கடைகளில் வாங்கும் கம்பிவலைக் கூண்டுக்கு ஐந்தில் மூன்று மதிப்பெண் கொடுக்கலாம். புழுக்கை வலை வழியாகத் தட்டில் விழுந்துவிடுவது பெரிய வசதி. குட்டிகளைக் கொல்லும் காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணி புழுக்கை வழியாகத்தான் பரவும். நம் ஊர் மழை ஈரம் அதற்குக் கொண்டாட்டம். வயிறு உப்பிக் கழிய ஆரம்பித்தால் அதைச் சந்தேகியுங்கள். தட்டைத் தினமும் கழுவி, வெயில் இருந்தால் காயவைக்க வேண்டும்.

குறை, பாதம். வலை மேலேயே இருந்தால் பின்னங்கால் அடியில் முடி உதிர்ந்து புண்ணாகும். பாதித் தரைக்குப் பலகை போட்டால் போதும்.

கூண்டோடு தரும் குச்சித் தீவனம் மட்டும் கொடுத்தால் போதாது. பச்சைப் புல்லோ உலர்ந்த புல்லோ எந்நேரமும் இருக்கட்டும். தீவனத்தை மாற்றினால் ஒரு வாரமாவது கலந்து கொடுங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியைக் கடைக்காரர் நீட்டினால் வாங்காதீர்கள்.

கொத்தாக வரும் மெத்தென்ற புழுக்கையை முயல் தின்பது நோயல்ல, அதற்குத் தேவை. பின்காலால் தரையைத் தட்டினால் பயம். கூனி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்தால் வலி. பன்னிரண்டு மணி நேரம் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். வீட்டிலிருக்கும் அமாக்சிசிலின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை மட்டும் வாயில் கொடுத்துவிடாதீர்கள். குடலிலுள்ள நல்ல கிருமிகளை அழித்து உயிரையே எடுத்துவிடும்.