எடுத்த சதையை லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள்

கீழ் ஈறில் பட்டாணி அளவில் ஒரு சிவப்புக் கட்டி. பல் தேய்த்தாலே ரத்தம் வந்தது. நான் போன பல் மருத்துவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "காரை படிந்திருக்கிறது, ஈறு வீக்கம்தான்" என்று சுத்தம் செய்து அனுப்பினார். அடுத்த முறை போனபோது லேசரால் எடுத்துவிட்டார். பரிசோதனைக்கு அனுப்பவில்லையா என்றதற்கு, "இதற்கெல்லாம் எதற்குப் பயாப்ஸி?" என்றார். நானும் நம்பிவிட்டேன்.

மூன்றே மாதத்தில் அதே இடத்தில் மறுபடி முளைத்தது. பக்கத்துப் பல்லும் ஆடியது. எக்ஸ்ரேகூட எடுக்காமல், "பிடுங்கிவிடலாம்" என்றார். நான் சம்மதிக்கவில்லை. தாடை எலும்புக்குள் ரத்தக்குழாய்க் கட்டி இருந்து, அது தெரியாமல் பல்லைப் பிடுங்கினால் உயிரே போகிற அளவுக்கு ரத்தம் கொட்டலாமாம். அது அப்போது எனக்குத் தெரியாது.

அப்புறம் பார்த்த வாய், முக அறுவைச் சிகிச்சை நிபுணர் முதலில் கேட்டதே, "முன்னால் எடுத்த சதையின் ரிப்போர்ட் எங்கே?" என்றுதான். ரத்தக்குழாய்க் கட்டியாக இருக்குமோ என்று, கண்ணாடித் தகட்டால் கட்டியை அழுத்தி, நிறம் வெளிறுகிறதா என்று பார்த்தார். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன், எம்ஆர்ஐ எல்லாம் முடிந்த பிறகு, ரத்தம் பீறிட்டால் சமாளிக்கும் ஏற்பாட்டோடு ஆபரேஷன் தியேட்டரில் வைத்துத்தான் பயாப்ஸி எடுத்தார்.

ரிப்போர்ட்டில் 'பயோஜெனிக் கிரானுலோமா' என்று வந்தது. கர்ப்பிணிகளுக்கும் வரும் சாதாரணக் கட்டி அது. மருத்துவருக்குத் திருப்தி இல்லை. சதையை மெல்லிசாகச் சீவி ஒட்டிய கண்ணாடி ஸ்லைடுகளை இன்னொரு நிபுணருக்கு அனுப்பினார். செல் எந்த வகை என்று காட்டும் சிடி31, இஆர்ஜி, காம்டா1 சாயப் பரிசோதனைகளுக்குப் பிறகே உண்மை தெரிந்தது: எபிதீலியாய்ட் ஹெமாஞ்சியோஎண்டோதீலியோமா. ரத்தக்குழாயின் உள்சுவர் செல்களைச் சேர்ந்த அபூர்வப் புற்றுநோய். வாயில் வருவது இன்னும் அபூர்வம். கல்லீரல், நுரையீரல், எலும்பில் அதிகம் வரும் என்பதால் அங்கெல்லாம் ஸ்கேன் எடுத்தார்கள். பரவவில்லை. ஆனால் சுற்றியுள்ள நல்ல சதையோடு இரண்டு பற்களும் கொஞ்சம் தாடை எலும்பும் போய்விட்டன. இனிப் பல வருடம் தொடர்ந்து பரிசோதனைக்குப் போக வேண்டும்.

வாயில் வரும் சிவப்புக் கட்டி பெரும்பாலும் புற்றுநோயாக இருக்காது, பயப்படாதீர்கள். ஆனால் எதை வெட்டினாலும், வெட்டும் முன்பே "இது லேபுக்குப் போகிறதா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ரிப்போர்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு விடாமல், ஸ்லைடும், சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கும் கிடைக்குமா என்றும் கேளுங்கள். மறுபார்வைக்கு அவைதான் வேண்டும்.

முதல் கிளினிக்கில் என் சிகிச்சைக் குறிப்பைக் கேட்டு வாங்கினேன். "ஈறு சுத்தம்" என்று மட்டும் இருக்கிறது. கட்டி என்ற வார்த்தையே இல்லை.