சட்ட வேலியா, மனிதச் சுவரா?

அமெரிக்காவில் படைவீரர்களின் இறுதிச் சடங்கருகே வெஸ்ட்பரோ என்னும் சிறு தேவாலயத்தார் வெறுப்புப் பதாகைகளோடு நின்றார்கள்; ஓரினச்சேர்க்கையை நாடு ஏற்பதற்குக் கடவுள் தரும் தண்டனையே வீரர்களின் சாவு என்பது அவர்கள் வாதம். அவர்களை எதிர்கொள்ள இரண்டு வழிகள் பிறந்தன.

ஒன்று சட்டம். சடங்குக்கு இரண்டு மணி நேரம் முன்பும் பின்பும் 300 அடிக்குள் இடையூறு செய்யக் கூடாது என்கிறது 2012ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் 2006இல் மேரிலாந்தில் ஒரு வீரரின் சடங்கின்போது அவர்கள் ஏறத்தாழ 1000 அடி தள்ளியே நின்றார்கள்; இந்தச் சட்டம் அன்று இருந்திருந்தாலும் அவர்களைத் தடுத்திருக்காது. அந்த வீரரின் தந்தை தொடுத்த வழக்கில், 2011இல் உச்ச நீதிமன்றமும் 8-1 என அவர்களுடைய பேச்சுரிமையைக் காத்தது. மகனைப் புதைத்த தந்தைக்கு அது எவ்வளவு வலித்திருக்கும்! ஆயினும் தீர்ப்பு சரியென்றே கருதுகிறேன்: அருவருப்பான பேச்சை அடைக்கும் அதிகாரம், நாளை போரை எதிர்ப்பவரின் வாயையும் அடைக்கும்.

என் மனம் சாய்வது மற்றொரு வழியின் பக்கம். 2005இல் உருவான பேட்ரியட் கார்ட் ரைடர்ஸ் என்னும் மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் அமைப்பினர், குடும்பம் அழைத்தால் வருகிறார்கள். கொடி ஏந்தி வரிசையாக நின்று பதாகைகளை மறைக்கிறார்கள். யாருடைய உரிமையும் பறிபோவதில்லை. அழும் தாயின் கண்ணில் அந்த வாசகங்களும் படுவதில்லை.