மே மாத மதியத்துக்குப் புத்தகமா, படமா?

ஆண்டுத் தேர்வு முடிந்த அன்றைக்கே வீட்டில் ரிமோட் சண்டை ஆரம்பித்துவிடும். கத்திரி வெயிலில் மதியம் பிள்ளைகளை வெளியே விடவும் முடியாது. இந்த நேரத்தில் "டிவியை அணைத்துவிட்டுப் புத்தகத்தை எடு" என்று அதட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தண்டனையாகக் கையில் திணித்த புத்தகத்தை எந்தப் பிள்ளையும் ஆசையாகப் படித்ததில்லை. புத்தகம்தான் உசத்தி, படம் மட்டம் என்கிற பழைய பேச்சை ஓரமாக வைத்துவிடுவோம். ஒரே கதை இரண்டு வடிவத்திலும் கிடைக்கிறது என்றால் வீட்டில் எதை முதலில் எடுக்கலாம்? என் அளவுகோல் ஒன்றுதான். எட்டு வயதுப் பேத்தியும் பதின்மூன்று வயது அண்ணனும் எழுபதைத் தொடும் பாட்டியும் ஒரே அறையில் இருந்தால், மூன்று பேரும் கடைசிவரை எழுந்து போகக் கூடாது.

அந்த வகையில் முதலில் சொல்ல வேண்டியது 'டோட்டோ சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'. தெத்சுகோ குரோயாநாகி தன் பள்ளிப் பருவத்தைப் பற்றி எழுதி 1981இல் ஜப்பானில் வெளிவந்த புத்தகம். தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் போட்டிருக்கிறது. ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் பரிசளித்துக்கொள்ளும் புத்தகம் என்பதால் பலர் வீட்டு அலமாரியில் ஏற்கெனவே இருக்கும், தேடிப் பாருங்கள். முதல் வகுப்பிலேயே பள்ளியை விட்டு அனுப்பப்பட்ட ஒரு வாயாடிப் பெண், பழைய ரயில் பெட்டிகளை வகுப்பறையாக வைத்திருக்கும் தோமோயி பள்ளிக்கு வருகிறாள். தலைமை ஆசிரியர் கோபயாஷி அவளை முதல் நாள் உட்காரவைத்து நான்கு மணி நேரம் பேசவிட்டுக் கேட்கிறார். இதை வாசிக்கும்போது எட்டு வயசு நிமிர்ந்து உட்காரும். பெரியவர்கள் கொஞ்சம் நெளிவார்கள்.

இதில் ஒவ்வொரு அத்தியாயமும் மூன்று நான்கு பக்கம்தான். சத்தமாக வாசித்தால் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கழிவறைக்குள் விழுந்த தன் பர்ஸைத் தேடி டோட்டோ தொட்டியில் இருப்பதையெல்லாம் அள்ளி வெளியே குவிக்கும் இடம் எந்த வீட்டிலும் சிரிப்புக்கு உத்தரவாதம். அந்தப் பக்கமாக வருகிற தலைமை ஆசிரியர் திட்டவில்லை. முடித்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய் அல்லவா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார். நம் வீட்டில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாட்டி ஆரம்பிப்பார். வாசிப்பு அங்கே நின்றுவிடும். நிற்கட்டும், அப்படி நிற்பதற்குத்தானே சேர்ந்து வாசிப்பது.

கோடை விடுமுறைக்கென்றே எழுதியது போல ஓர் அத்தியாயம் உண்டு. போலியோவால் கை, கால் பாதிக்கப்பட்ட யாசுவாகியைத் தன் மரத்தில் ஏற்ற வேண்டும் என்று டோட்டோ முடிவு செய்கிறாள். அந்தப் பள்ளியில் ஆளுக்கொரு மரம் சொந்தம். இரண்டு வீட்டிலும் யாருக்கும் தெரியாது. காவலாளியின் கொட்டகையிலிருந்து ஒரு ஏணியை இழுத்து வருகிறாள், சரிப்படவில்லை. ஓடிப் போய் மடக்கு ஏணியைக் கொண்டு வருகிறாள். தள்ளி, தாங்கி, கடைசியில் கிளையிலிருந்து கையைப் பிடித்து இழுத்து, ஒரு வழியாக அவனை மேலே சேர்த்துவிடுகிறாள். மேலே உட்கார்ந்ததும் யாசுவாகி ஒரு சேதி சொல்கிறான்: அமெரிக்காவில் தொலைக்காட்சி என்று ஒரு பெட்டி இருக்கிறதாம், ஜப்பானுக்கு வந்தால் வீட்டிலிருந்தே சுமோ மல்யுத்தம் பார்க்கலாமாம். அவ்வளவு பெரிய மல்லர்கள் எப்படிப் பெட்டிக்குள் நுழைவார்கள் என்று டோட்டோ குழம்புகிறாள். அந்தப் பெண்தான் பின்னாளில் ஜப்பானியத் தொலைக்காட்சியின் மிகப் பிரபலமான முகங்களில் ஒருவரானார்.

இதே கதை 2023இல் ஷின்னோசுகே யாகுவா இயக்கத்தில் அனிமேஷன் படமாக வந்தது. அழகான படம், சந்தேகமே இல்லை. பிள்ளைகளின் கனவுகள் வரும்போது ஓவியப் பாணியே மாறிவிடுகிறது. ஆனால் புத்தகத்தில் ஓரமாக ஒதுங்கி நின்ற போரைப் படம் நடுவில் கொண்டுவருகிறது. நண்பனின் இறுதிச் சடங்கிலிருந்து டோட்டோ தெருவில் ஓடிவரும் காட்சியைப் பெரியவர்களே தொண்டையைச் செருமிக்கொண்டுதான் பார்க்க வேண்டியிருக்கும். புத்தகத்திலும் சாவு உண்டு, 1945இல் குண்டுவீச்சில் பள்ளி எரிவதும் உண்டு. ஆனால் அங்கே நீங்கள் நிறுத்தலாம், பக்கத்தை மூடலாம், கேள்விக்குப் பதில் சொல்லலாம். படம் தன் வேகத்தில்தான் போகும். ஆகவே எட்டு வயது இருக்கும் வீட்டில் புத்தகம் முதலில். படத்தை அண்ணனுக்கும் பெற்றோருக்குமாகப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த போட்டி நம் ஊர்ப் போட்டி, பொன்னியின் செல்வன். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. மணிரத்னம் எடுத்த இரண்டு பாகங்களும் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் வெளியாயின. இரண்டாம் பாகம் கோடை விடுமுறைக்குச் சரியாக வந்து, "புத்தகத்தில் இப்படி இல்லையே" என்ற சண்டையை வீடு வீடாக மூட்டிவிட்டது. அந்தச் சண்டையில் நான் தெளிவாகப் புத்தகத்தின் பக்கம். ஆனால் வழக்கமாகச் சொல்லும் காரணத்துக்காக இல்லை. "படத்தில் மணிமேகலையே இல்லை" என்று புலம்புபவர்களைக் கண்டால் எனக்கு அலுப்பு. ஐந்து பாகத்தை ஐந்தரை மணி நேரத்துக்குள் அடக்குகிறவர் யாரையாவது வெட்டித்தான் ஆக வேண்டும்.

என் காரணம் வேறு. வாராவாரம் வாசகரை இழுத்துப் பிடிக்க வேண்டிய கட்டாயத்தில் எழுதியவர் கல்கி. அதனால் அத்தியாயத்தின் கடைசி வரியில் ஏதாவது ஒரு கதவு பாதி திறந்திருக்கும். கடம்பூர் மாளிகையில் நடு இரவில் வந்தியத்தேவன் எழுந்து எட்டிப் பார்க்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சதிக்கூட்டம் நடக்கிறது, பெரிய பழுவேட்டரையர் பேசுகிறார், பக்கத்தில் ஒரு மூடுபல்லக்கு நிற்கிறது. பல்லக்குக்குள் அவருடைய இளைய ராணி இருப்பதாகத்தான் வாசகரும் நினைத்துக்கொண்டிருப்பார். திரை விலகுகிறது, வெளியே வருவது சதிகாரர்கள் அரியணையில் ஏற்ற நினைக்கும் மதுராந்தகன். இந்த இடத்தில் புத்தகத்தை மூடி "மீதி நாளைக்கு" என்று சொல்லிப் பாருங்கள், பதின்மூன்று வயசு அன்று இரவே புத்தகத்தைத் திருடிக்கொண்டு போகும். வாசிக்கப் பழக்குவதற்கு இதைவிட நல்ல தந்திரம் எனக்குத் தெரியாது.

படத்தில் இந்தக் காட்சி இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. ஆனால் பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அதற்குள் பெயர்கள் குழம்பிவிடும். யார் சுந்தர சோழர், யார் வீரபாண்டியன், நந்தினிக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று ஒவ்வொன்றுக்கும் பெரியவர்கள் காதோடு விளக்க வேண்டும். பின்வரிசையில் இருப்பவர்கள் முறைப்பார்கள். இரண்டு பாகங்களுக்கும் யு/ஏ சான்றிதழ்தான். அதோடு, வீர நாராயண ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கு நாளில் குதிரையில் வரும் இளைஞனை வைத்து நாவல் நிதானமாகத் தொடங்குகிறது. படமோ வாள்வீச்சும் ரத்தமுமாகப் போர்க்களத்தில் நம்மை இறக்கிவிடுகிறது. ரவிவர்மனின் ஒளிப்பதிவையும் கடல் காட்சிகளையும் பெரிய திரையில் பார்ப்பது ஒரு சுகம்தான். ஜெயராமின் ஆழ்வார்க்கடியானைப் பார்த்துப் பாட்டிகள் வாய்விட்டுச் சிரித்ததும் உண்மை.

ஐந்து பாகத்தையும் ஒரே விடுமுறையில் முடிக்கிறேன் என்று கிளம்பாதீர்கள். முதல் பாகமான 'புது வெள்ளம்' 57 அத்தியாயம். நாளைக்கு இரண்டு என்று வைத்தால் ஒரு மாதம், பள்ளி திறப்பதற்குள் முடிந்துவிடும். சோழர் பரம்பரையைக் கல்கி விரிவாகச் சொல்லும் பக்கங்களைத் தாராளமாகத் தாண்டலாம், யாரும் கேட்கப்போவதில்லை. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை என்பதால் மலிவுப் பதிப்புகள் கிடைக்கின்றன. இணையத்தில் இலவசமாகவும் இருக்கிறது. பாகம் முடிந்த வார இறுதியில் முதல் படத்தைப் போடுங்கள். பெயரெல்லாம் தெரிந்த திமிரில் பிள்ளைகளே பாட்டிக்கு விளக்குவார்கள்.

இதுவரை புத்தகத்துக்கே ஓட்டு. குட்டி இளவரசனில் மாற்றிப் போடுகிறேன்.

செந்த்-எக்சுபெரியின் இந்தச் சின்னப் புத்தகம் 1943இல் வந்தது. தமிழில் க்ரியா வெளியிட்டது. ஒரு விஷயத்தைத் துணிந்து சொல்லிவிடலாம்: இது குழந்தைகளைவிடக் குழந்தைப் பருவத்தை நினைத்து ஏங்கும் பெரியவர்களுக்கே அதிகம் பிடிக்கும் புத்தகம். யானையை விழுங்கிய மலைப்பாம்பைப் பெரியவர்கள் தொப்பி என்று சொல்லும் முதல் பக்கம் எட்டு வயசுக்கு வேடிக்கைதான். அப்புறம் ரோஜா, நரி, பழக்கப்படுத்துதல் என்று போகும்போது அது ஜன்னல் பக்கம் பார்க்க ஆரம்பித்துவிடும்.

2015இல் மார்க் ஆஸ்பார்ன் எடுத்த அனிமேஷன் படம் இதைப் புரிந்துகொண்டு ஒரு சிறுமியைப் புதிதாகச் சேர்த்தது. கோடை விடுமுறை தொடங்குகிறது. அவளுடைய அம்மா சுவர் அளவுக்கு ஒரு பெரிய பலகையில் மகளின் வாழ்க்கைத் திட்டத்தை நேரவாரியாகப் பதித்து வைத்திருக்கிறாள். நல்ல பள்ளியில் இடம் கிடைக்க வேண்டும், அதற்குத்தான் இவ்வளவும். பக்கத்து வீட்டுக் கிழ விமானியின் கதைகள் அந்த அட்டவணையைக் குலைத்துப்போடுகின்றன. காலையில் நீச்சல், பத்து மணிக்கு அபாகஸ், மாலையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் என்று பிள்ளையின் மே மாதத்தை நிரப்பும் நம் பெற்றோர்களுக்கு அந்தப் பலகையைப் பார்த்ததும் சுருக்கென்று இருக்கும். புத்தகத்தின் கதை வரும் பகுதிகள் காகிதத்தில் செய்த பொம்மைகள் நகர்வது போன்ற தோற்றத்தில் தனியாக மிளிர்கின்றன. கடைசி மூன்றில் ஒரு பங்கு சொதப்பல். இளவரசனை வளர்ந்த ஆளாக்கி, சேஸிங் எல்லாம் வைத்து, புத்தகம் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டதைச் சொல்லித் தீர்க்கிறார்கள். இருந்தாலும் படத்தை முதலில் பார்த்துவிட்டு வந்த பிள்ளைக்குப் புத்தகத்தின் நரியும் ரோஜாவும் தெரிந்த முகங்களாக இருக்கும்.

ஆர்.கே. நாராயணின் 'சுவாமியும் நண்பர்களும்' 1935இல் ஆங்கிலத்தில் வந்த நாவல். எதிரில் நிற்பது சினிமா அல்ல, சங்கர் நாக் இயக்கிய தூர்தர்ஷன் தொடர் 'மால்குடி டேஸ்'. ஆகும்பேயில் படமாக்கியது. எல். வைத்தியநாதனின் அந்த ஆரம்ப இசையை முணுமுணுக்காத நாற்பது வயதுக்காரர் குறைவு. இரண்டுக்கும் சமமான மதிப்பெண் போடுவேன். சின்னச் சின்ன எபிசோடுகள் என்பதால் சாப்பாட்டுக்கு முன் ஒன்று பார்க்கலாம். ஆனால் ஓரிடத்தில் மட்டும் புத்தகத்தை எதுவும் நெருங்க முடியாது. விடுமுறையிலும் விடாமல் அப்பா கணக்குப் போடச் சொல்கிறார்: ராமனிடம் பத்து மாம்பழம், அவற்றை விற்றுப் பதினைந்து அணா சம்பாதிக்க வேண்டும், கிருஷ்ணனுக்கு நான்கு போதும், அவன் எவ்வளவு கொடுப்பான்? சுவாமிநாதன் ராமன் எப்படிப்பட்ட ஆள், ஏன் குறிப்பாகப் பதினைந்து அணா என்றெல்லாம் யோசித்துவிட்டுக் கடைசியில் அப்பாவிடம் கேட்கிறான், மாம்பழம் பழுத்திருந்ததா என்று. ஆங்கிலப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு தமிழில் சொல்லிக்கொண்டே போனாலும் இந்த இடம் அப்படியே நிற்கும்.

இன்னொரு எச்சரிக்கை. போஸ்டரில் சிறுவர்கள் இருந்தால் அது சிறுவர் படம் என்று நினைத்துவிடாதீர்கள். ஹலிதா ஷமீமின் 'பூவரசம் பீப்பீ' (2014) விடுமுறையில் சுற்றும் மூன்று பையன்களின் கதைதான், ஆனால் அவர்கள் கண்ணெதிரே நடப்பது ஒரு பாலியல் வன்கொடுமை. நல்ல முயற்சி, எட்டு வயசுக்கு வேண்டாம்.

கடைசியாக 'குரங்கு பெடல்'. ராசி அழகப்பனின் 'சைக்கிள்' சிறுகதையை வைத்துக் கமலக்கண்ணன் எடுத்த படம், 2024 மே மாதம் வந்தது. எண்பதுகளின் கோடை விடுமுறை, வாடகை சைக்கிள், சைக்கிள் ஓட்டத் தெரியாத அப்பா. அப்பாவாக வரும் காளி வெங்கட்டுக்காகவே பார்க்கலாம். இங்கே படத்துக்குத்தான் என் ஓட்டு, யோசிக்கவே வேண்டியதில்லை. சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாத பையன் பார் கம்பிக்குக் கீழே ஒரு காலை நுழைத்து, உடம்பைப் பக்கவாட்டில் வளைத்து, அரைச் சுற்றுப் பெடல் போடுவதை எவ்வளவு நன்றாக எழுதினாலும் பார் இல்லாத சைக்கிளில் பழகிய பிள்ளைக்குப் புரியாது. திரையில் மூன்று நொடியில் புரிந்துவிடும். அதற்குப் பிறகு தாத்தாவோ அப்பாவோ எழுந்து நின்று, இல்லாத சைக்கிளை நடுவீட்டில் ஓட்டிக் காட்ட ஆரம்பிப்பார்; ரிமோட்டில் பாஸ் பட்டனை அமுக்கிவிடுங்கள்.