சுவர்க் கலண்டரா, ஃபோன் கலண்டரா?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வேளாண்மை செய்கிற வீட்டுக்கு முதல் தெரிவு சுவர்க் கலண்டர்தான். விதைத்த நாளை வட்டமிட்டு, அதிலிருந்து கிழமை எண்ணிப் பசளை நாட்களைக் குறியுங்கள். மூன்றரை மாத நெல்லென்றால் அறுவடைக்கு 105ஆம் நாளையும். பென்சில்தான், பேனை வேண்டாம்: மழையால் விதைப்புப் பிந்தினால் எல்லாம் தள்ளிப்போகும். ஃபோனிலோ ஒவ்வொரு நினைவூட்டலாகத் திறந்து மாற்ற வேண்டும். ஒன்று விடுபட்டால் பசளை பிழையான கிழமையில் விழும்.

ஆனால் கலண்டர் கூப்பிடாது. கிளினிக் திகதி, கடன் தவணைக்கு ஃபோனே நல்லது: முதல்நாள் மாலை ஒன்று, அன்று காலை ஒன்று. மூன்றாவது வைத்தால் பார்க்காமலே அணைத்துவிடுவோம். மாரியில் கரன்ட் போய்ச் சார்ஜ் இறங்கினால் அலாரமும் ஊமை.

மாரிகால நெல் வேளாண்மையான பெரும்போகம் வருடம் தாண்டும். டிசம்பர் முடிந்து பழைய கலண்டரைக் கழற்றுமுன் மிச்சக் குறிகளைப் புதியதில் ஏற்றுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.