ஆஸ்ட்ரிட் பெயர்ப்பலகை: மரம் நன்று, பொருள் பிழை

ஒஸ்லோவில் உள்ள நினைவுப்பொருள் கடை ஒன்றில், நார்வே நண்பர் ஒருவரின் மகளுக்குப் பிறந்தநாள் பரிசாக 'ஆஸ்ட்ரிட்' என்று பொறித்த பெயர்ப்பலகையை 299 குரோனருக்கு வாங்கினேன். பிர்ச் மரத்தில் செய்த அந்தப் பலகையில் கையை உறுத்தும் சிலாம்பு ஒன்றுகூட இல்லை; லேசர் பொறிப்பும் ஆழமாகவும் சீராகவும் இருந்தது. மேல்வரியில் பெயர், நடுவில் அதே பெயர் வட ஐரோப்பாவின் பழைய ரூன் எழுத்துகளில், கீழே அதன் பொருள் 'விண்மீன்' என்று நார்வே மொழியில். குறை கீழிரண்டு வரிகளில்தான்.

ஆஸ்ட்ரிட் என்ற பெயருக்கும் விண்மீனுக்கும் தொடர்பில்லை. விண்மீனைக் குறிக்கும் 'ஆஸ்ட்ரும்' என்ற லத்தீன் சொல்லோடு உள்ள ஒலி ஒற்றுமையை நம்பி எழுதிய பொருள் அது. நார்வே மொழியின் முன்னோடியான பழைய நோர்ஸ் மொழியில் தெய்வத்தைக் குறிக்கும் 'ஆஸ்' என்ற சொல்லும் அழகைக் குறிக்கும் 'ஃப்ரீத்' என்ற சொல்லும் சேர்ந்து பிறந்த பெயர் இது. 'தெய்வ அழகுடையவள்' எனலாம். அதே அலமாரியில் இருந்த இங்ரிட் பலகையில் 'இங் என்னும் தெய்வத்தின் அழகு' என்று சரியாகவே எழுதியிருந்தார்கள். இரு பெயர்களின் ஈற்றிலும் இருப்பது ஒரே சொல் என்பதைப் பட்டியல் தயாரித்தவர் கவனிக்கவில்லை போலும்.

இடையில் உள்ள 'ட்' பின்னால் வந்து சேர்ந்த ஒலி. ஸகரத்திலிருந்து ரகரத்துக்குத் தாவும்போது நா தானாகவே இட்டுக்கொள்ளும் ஒலி அது. இதற்குச் சான்று தேடுவோர் அதே ஒஸ்லோவின் வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போகலாம். ஹாடலாண்ட் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்ட, 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த டின்னா கல் அங்கே நிற்கிறது. ஏறத்தாழ 3 மீட்டர் உயரமுள்ள அந்தச் செம்மணற்கல்லில், குன்வோர் என்ற தாய் தன் மகள் ஆஸ்ட்ரிட்டின் நினைவாகப் பாலம் அமைத்ததையும், ஹாடலாண்டிலேயே கைத்திறன் மிக்க பெண் அவள் என்பதையும் பொறித்து வைத்திருக்கிறாள். அந்தப் பெயரில் 'ட்' எழுத்தே இல்லை.

ரூன் வரியின் பிழையும் அந்தக் கல்லின் முன் நின்றால் தெரிந்துவிடும். வைக்கிங் காலத்தில் ரூன் எழுத்துகள் 24-லிருந்து 16 ஆகக் குறைந்துவிட்டன. டகரத்தின் வல்லொலிக்கும் (t) மெல்லொலிக்கும் (d), நம் தமிழில் போலவே, ஒரே எழுத்துதான். பலகையிலோ பழைய 24 எழுத்து வரிசையில் மெல்லொலிக்கென்றே இருந்த தனி எழுத்தைக் கடைசியில் பொறித்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், பெயரை வாசித்த விற்பனைப்பெண், நார்வேயில் பலரும் செய்வதுபோல, அந்தக் கடைசி ஒலியை விழுங்கி 'ஆஸ்த்ரி' என்றே சொன்னார்.

திருத்தித் தர முடியுமா என்று கேட்டேன். பொருள் வரிகள் தயாரிப்பாளரிடமிருந்து பட்டியலாக வருவதால் மாற்ற இயலாது என்றும், பெயரை மட்டும் பொறித்து அதே விலைக்குத் தரலாம் என்றும் பணிவாகவே சொன்னார்கள். முதல் பலகையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் தயங்கவில்லை. மரவேலைக்காக இதைத் தயங்காமல் வாங்கலாம், ஆனால் பெயர் மட்டும் உள்ள பலகையாகக் கேட்டு வாங்குங்கள். அது கைக்கு வர இரண்டு நாள் ஆகும் என்பதால், ஊர் திரும்பும் நாளுக்கு முன்னதாகவே சொல்லி வைப்பது நல்லது.