லாரி ஹாரனும் என் தோள்பட்டையும்

பெருங்களத்தூர் அருகே ஸ்கூட்டரில் போனபோது லாரி இடித்து இரண்டு வருடம் ஆகிறது. எலும்பு கூடிவிட்டது. ஹாரன் சத்தம் கேட்டால் மட்டும் தோள் காதுவரை ஏறிவிடும். தோழி சொல்லித்தான் சோமாட்டிக் எக்ஸ்பீரியன்ஸிங் சிகிச்சைக்குப் போனேன். உடல் உணர்வுகளைக் கவனிப்பதன் வழியே அதிர்ச்சியின் பாதிப்பைத் தணிக்கப் பார்க்கும் முறை இது; அமெரிக்கர் பீட்டர் லெவின் உருவாக்கியது.

விபத்தைப் பற்றி சிகிச்சை தந்த அம்மா அதிகம் கேட்கவே இல்லை. "இப்போ உடம்புல எங்க இறுக்கமா இருக்கு?" என்றார். தோள் என்றேன். "சரி, எந்த இடம் நிம்மதியா இருக்கு?" யோசித்துப் பார்த்தால், உள்ளங்கால்! கவனத்தை அங்கே கொஞ்ச நேரம், தோளில் கொஞ்ச நேரம் என்று ஊஞ்சல் மாதிரி ஆட்டச் சொன்னார். மூன்றாவது தடவை கை தானாக நடுங்கியது, பெரிய கொட்டாவி வந்தது, அப்புறம் அழுகை. அவர் தடுக்கவில்லை. தோளைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டார், அது பிடித்தது.

ஒரு மணி நேரத்துக்கு 2,000 ரூபாய், எனக்கு அதிகம். சுவர் மெல்லிசு, பக்கத்து அறை ஃபோன் பேச்செல்லாம் காதில் விழும். வரவேற்பில் இருந்தவர் "எல்லாமே சரியாயிடும்" என்று அளந்ததுதான் எரிச்சல். இந்த முறைக்கு ஆய்வுச் சான்று இன்னும் குறைவு. மனநல மருத்துவர் தந்த மாத்திரையை நான் நிறுத்தவில்லை.

எட்டு முறை போயாயிற்று. போன வாரம் ஜிஎஸ்டி சாலையில் பின்னாலிருந்து ஒரு ஹாரன். தோள் பாதிதான் ஏறியது.