பிராடோவுக்குப் பொட்டு வைத்த கதை: அமெரிக்க இறக்குமதி ஜிஎக்ஸ் 460 வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

சார்ஜா, துபாய் பக்கம் இருந்துகொண்டு, விடுமுறை நாளில் மணலில் ஓட்ட ஒரு பழைய வண்டி தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, டொயோட்டா பிராடோவா, அதே நிறுவனத்தின் சொகுசுப் பிராண்டான லெக்ஸஸின் ஜிஎக்ஸா என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு. நானும் ஆறு மாதம் பிய்த்துக்கொண்டேன். 2023 அக்டோபரில், வெயில் தணிந்து மணல் சீசன் தொடங்கும் நேரத்தில், 68,000 திர்ஹத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து ஏமாந்தேன். கடையின் பெயரைப் போடப் போவதில்லை. இதே வேலையைச் செய்யும் கடைகள் வரிசையாக இருக்கின்றன, ஒரு பெயரைச் சொன்னால் மற்றவர்கள் நல்லவர்கள் என்று ஆகிவிடும்.

மச்சானிடம் 2015 பிராடோ இருந்தது. வளைகுடாவுக்கென்றே வந்த வண்டி, 4 லிட்டர் வி6. எனக்கும் அதுவே வேண்டும் என்றுதான் கிளம்பினேன். ஆனால் அதே ஆண்டு, அதே ஓட்டத்தில் பிராடோ 82,000-க்குக் கீழே இறங்க மறுத்தது. பக்கத்திலேயே 14,000 குறைவாக ஒரு கறுப்பு ஜிஎக்ஸ் 460 நின்றது. விற்பனைக்காரர் நம்ம ஊர்ப் பக்கம். தமிழ் கேட்டதும் நாற்காலி போட்டு டீ வரவழைத்தார். "அண்ணே, ரெண்டும் ஒரே வண்டிதாண்ணே. பிராடோவுக்குப் பொட்டு வச்சா லெக்ஸஸ். பொட்டோட சேர்த்துக் கம்மி விலைக்குத் தர்றேன்."

அவர் சொன்னதில் பாதி உண்மை, அதுதான் சிக்கல். 2009-ல் வந்த 150 வரிசைப் பிராடோவும் ஜிஎக்ஸ் 460-ம் ஒரே ஏணிச் சட்டத்தின் மேல் கட்டியவை. இரண்டும் ஜப்பானின் தஹாரா ஆலையில் உருவானவை. இரண்டிலும் எப்போதும் நாலு சக்கரமும் ஓடும், முன், பின் அச்சுகளுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்க நடுவில் டார்சன் டிஃபரன்ஷியல், அதைப் பூட்ட ஒரு பட்டன், தாழ்ந்த கியர் உண்டு. பின்கதவு கூடப் பக்கவாட்டில்தான் திறக்கும். வித்தியாசம் என்று பார்த்தால் ஜிஎக்ஸில் 4.6 லிட்டர் வி8, 301 குதிரைத்திறன். பிராடோ வி6 அதைவிட 30 குறைவு. ஜிஎக்ஸ் எடையும் அதிகம், 2,300 கிலோவைத் தாண்டும். மணலில் எடை என்பது எதிரி, ஆனால் வி8 அந்தக் கடனை அடைத்துவிடும் என்று நான் கணக்குப் போட்டேன். 2014-க்குப் பிறகு வந்த ஜிஎக்ஸின் முன்பம்பர் தாழ்வாக, தாடி வைத்த மாதிரி இருக்கும். மணல்மேட்டில் முதலில் தொடுவது அதுதான். அதையும் யோசித்தேன், மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

இவ்வளவு ஏன், 2010-ல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் இந்த வண்டியை வாங்காதீர்கள் என்று எச்சரித்ததைக்கூடக் கேட்டேன். வளைவில் வேகமாகப் போகும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் வழுக்கியது. டொயோட்டா விற்பனையை நிறுத்தி, சுமார் 9,400 வண்டிகளைத் திரும்ப அழைத்து மென்பொருளை மாற்றிக் கொடுத்தது. விற்பனைக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "அது 2010 மாடலுங்கண்ணே, இது 2015." சரியான பதில்தான். வாசலுக்கு இரண்டு பூட்டு போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருந்தேன் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

அந்த வண்டியின் மீட்டர் மைலில் இருந்தது, 98,000. கிலோமீட்டரில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். "கலிபோர்னியா வண்டி, ஒத்தை ஓனர், துருன்னா என்னன்னே தெரியாது" என்றார். ஃபோனில் வரலாற்று அறிக்கையைக் காட்டினார். ஆயில் மாற்றியது, டயர் மாற்றியது என்று வரிவரியாக விரலால் தள்ளிக்கொண்டே வந்தார். அறிக்கையின் மேல்பகுதிக்கு மட்டும் போகவில்லை. விபத்து, உரிமைப் பத்திரத்தின் நிலை எல்லாம் அங்கேதான் இருக்கும். நானும் கேட்கவில்லை. அடியில் குனிந்து பார்த்தேன். புதுச்செருப்பு மாதிரி பளபளவென்று கறுப்பு. நல்லா வச்சிருக்காங்க என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எட்டு வருடம் ஓடிய வண்டியின் அடிப்பாகம் ஏன் பளபளக்க வேண்டும்?

டிஃப் லாக், அதாவது டிஃபரன்ஷியல் பூட்டு, இருக்கிறதா என்றேன். பட்டனை அமுக்கினார், மீட்டரில் விளக்கு எரிந்தது. அது நடு டிஃபரன்ஷியல். மச்சான் பிராடோவில் பின்னச்சிலும் பூட்டு உண்டு; அமெரிக்க ஜிஎக்ஸ் 460-ல் அது கிடையாது, வழுக்குகிற சக்கரத்தை பிரேக் பிடித்து நிறுத்தும் மின்னணு ஏற்பாடுதான். இரண்டுக்கும் பட்டன் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால் பேச்சில் எளிதாகக் கலந்துவிடலாம், கலந்தார்.

அப்புறம் இன்சூரன்ஸ். மூன்று இடத்தில் கேட்டேன், அமெரிக்க வண்டி என்றதும் மூன்றாம் நபர் பாலிசி மட்டும்தான் என்றார்கள். பாஸிங் என்கிற வண்டிச் சோதனை முடிந்து, முல்கியா என்கிற பதிவு அட்டை கைக்கு வந்ததும் அந்த உறுத்தலும் போய்விட்டது. பாஸிங்கில் பிரேக்கும் விளக்கும் டயரும் பார்ப்பார்கள். தாழ்ந்த கியர் விழுகிறதா என்று அங்கே யாரும் பார்த்து நான் கண்டதில்லை.

நவம்பரில் ஒரு காலை, சார்ஜாவின் பிதாயர் மணல்மேடுகள். டயர் காற்றை 15 பிஎஸ்ஐக்கு இறக்கிவிட்டு மச்சான் முன்னால், நான் பின்னால். முதல் இரண்டு மேடும் வி8 சும்மா விழுங்கியது. பொய் சொல்லக் கூடாது, அந்தச் சத்தமும் இழுப்பும் பிராடோவில் இல்லை. மூன்றாவது இறக்கத்தில் ஒரு கிண்ணம் போன்ற பள்ளத்தில் குறுக்காக மாட்டினேன். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, பிரேக்கை மிதித்து, சுவிட்சை எல்4-க்கு, அதாவது தாழ்ந்த கியருக்கு, தள்ளினேன். பச்சை விளக்கு சிமிட்டியது. சிமிட்டிவிட்டு நிலையாக எரிய வேண்டும். ஐந்து நிமிடம் சிமிட்டிக்கொண்டே இருந்தது. நடுவில் கேடிஎஸ்எஸ் என்று மஞ்சள் விளக்கு வேறு. முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில் நின்றது, எதிர்ப்பக்கப் பின்சக்கரம் குழி தோண்டிக்கொண்டிருந்தது.

கேடிஎஸ்எஸ் என்பது ஜிஎக்ஸை வாங்கச் சொல்லும் முதல் காரணம். சாலையில் வண்டி சாயாமல் பிடித்துக்கொள்ளும் கம்பிகளை, கரடுமுரடில் ஹைட்ராலிக் எண்ணெய் மூலம் தளர்த்திவிடும். சக்கரங்கள் தன் போக்கில் இறங்கித் தரையைத் தேடும். அதன் வால்வு ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே, சட்டத்தின் இடது ஓரத்தில், சாலையிலிருந்து தெறிக்கும் தண்ணீரெல்லாம் படும் இடத்தில் இருக்கிறது. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், மறுநாள் சனையாவில், அதாவது ஒர்க்‌ஷாப்புகள் இருக்கும் தொழிற்பேட்டையில், லிஃப்டில் ஏற்றிக் காட்டினார்கள். முந்தின நாள் பிராடோவின் கயிற்றில்தான் லெக்ஸஸ் வெளியே வந்தது, மூன்றாவது இழுப்பில். மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மெக்கானிக் அந்தப் பளபளப்பில் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்துச் சுரண்டினார். கறுப்பு அப்பளம் மாதிரி ஒரு பாளம் பெயர்ந்து அவர் கையில் விழுந்தது. உள்பக்கம் செங்காவி நிறம். இன்னொரு இடம், இன்னொரு அப்பளம். தாழ்ந்த கியரைப் போடும் மோட்டார் துருவில் இறுகிவிட்டது, கேடிஎஸ்எஸ் வால்வும் அப்படியே. "இது எந்த ஊர் வண்டி?" என்றார். கலிபோர்னியா என்றேன். அவர் சிரித்ததை மறக்க மாட்டேன்.

அன்று இரவு சேசிஸ் எண்ணின் 17 எழுத்தையும் கூகுளில் அப்படியே போட்டேன். வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது, ஒரு நிமிட வேலை. ஏலத்தில் விற்ற பழைய படங்கள் வந்து விழுந்தன. அதே கறுப்பு ஜிஎக்ஸ், இடது முன்பக்கம் நொறுங்கி, பெரிய சேதம் என்று முத்திரை குத்திய சால்வேஜ் பத்திரத்தோடு, நியூயார்க் மாநிலத்தில் நிற்கிறது. நாலு டயரும் பனியில் புதைந்திருக்கின்றன. அந்த ஊர்களில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்புப் போடுவார்கள். வண்டியின் அடிப்பாகம் வருடாவருடம் ஊறுகாய் ஆகும். மணலுக்கென்று நான் வாங்கிய வண்டி பனியில் நிற்கும் அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை.

கடைக்குப் போனேன். இந்தமுறை டீ இல்லை. "மணல்ல ஓட்டினா எந்த வண்டியும் போகும்ணே" என்றார் நம்ம ஊர்க்காரர். படத்தைக் காட்டினேன். முதலாளியைக் கேட்க வேண்டும் என்றார். நாலு முறை போனேன், முதலாளி நாலு முறையும் இல்லை. கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக் காட்டினார்கள், அரபியில் இருந்தது. வாங்குபவர் வண்டியைப் பரிசோதித்து, உள்ளபடியே ஏற்றுக்கொண்டார் என்று ஒரு வரி. அதைப் படித்துச் சொல்லவும் அவர்களே ஒருவரைக் கூப்பிட்டார்கள்.

இப்போது யாராவது என்னிடம் பிராடோவா ஜிஎக்ஸா என்று கேட்டால், எந்த நாட்டில் எத்தனை வருடம் என்று முதலில் கேட்கிறேன். வளைகுடாவுக்கென்று நிறுவனமே விற்ற ஜிஎக்ஸ் கிடைத்தால் தாராளமாகப் பாருங்கள், அருமையான வண்டி. அமெரிக்க வண்டி என்றால் சேசிஸ் எண்ணை வாங்கி, வீட்டுக்கு வந்து, அறிக்கையை உங்கள் காசில் எடுத்துப் படியுங்கள். லிஃப்டில் ஏற்ற விடமாட்டேன் என்றால் கிளம்பிவிடுங்கள். அடியில் புதுக்கறுப்பு பூசியிருந்தால் சுரண்டிப் பாருங்கள், கோபப்பட்டால் படட்டும். எல்4-ஐக் கடை வாசலிலேயே போட்டு, விளக்கு சிமிட்டுவதை நிறுத்துகிறதா என்று நின்று பாருங்கள்.

கேடிஎஸ்எஸ்ஸுக்கு மட்டும் 11,000 திர்ஹம் சொன்னார்கள். துருப்பிடித்த சட்டத்தில் அந்தக் காசைப் போட மனசு வரவில்லை. பழைய பாகங்கள் வாங்குகிறவர் வந்து, இன்ஜினை மட்டும் ஓடவிட்டுக் கேட்டுவிட்டு, 26,000 கொடுத்தார். கையெழுத்துப் போடும்போது முன்பக்க வட்ட எம்பளத்தைத் தட்டிப் பார்த்து, இதற்குத் தனியாக ஆள் இருக்கிறார் என்றார்.